தொட்டியில் ஒரு சாண், தரையில் எட்டடி

புல்வெட்டும் இயந்திரத்தின் கைப்பிடியில் கயிறு கட்டி, சரிவின் உச்சியில் நின்றுகொண்டு அதை இறக்குவதும் ஏற்றுவதுமாக மூன்று கோடைகளைக் கழித்தேன். கிணற்றில் வாளி இறக்குவதுபோலத்தான். நான்காவது கோடையில் ஈரப்புல்லில் கால் வழுக்கி, இயந்திரம் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாக உருண்டோம். பெரிய அடி இல்லை. ஆனால் அன்று மாலையே முடிவெடுத்துவிட்டேன், இந்தச் சரிவில் இனிமேல் புல் கிடையாது.

சரிவு 30 அடி நீளம், 12 அடி அகலம். நாள் முழுக்க வெயில் விழும். பெருமழை பெய்தால் மண் கரைந்து நடைபாதைக்கு வந்துவிடும். குளிர்காலத்தில் தரை உறைந்து பனி மூடும். இப்படி ஓர் இடத்துக்கு என்ன வைக்கலாம் என்று விசாரித்தபோது கேட்டவர்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: படரும் ஜூனிபர் வையுங்கள், வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். அதில் முதல் பாதி நல்ல யோசனை. இரண்டாம் பாதியை நம்பியதால் வந்த வினைதான் இந்தக் கட்டுரை.

ஜூனிபர் ஓர் ஊசியிலைச் செடி. ஊசியிலை மரம் என்றதும் மலைச்சரிவில் வரிசை கட்டி நிற்கும் நெட்டை மரங்கள்தான் நினைவுக்கு வரும். அந்தக் குடும்பத்தில் முழங்காலுக்கு மேல் எழாமல் தரையோடு தரையாகக் கிடப்பவையும் ஏராளம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஏன் அவை எழுவதில்லை என்று தோண்டப் போய், செடி வாங்குவதை ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். அந்த ஒரு மாதம் வீண் போகவில்லை.

சிலவற்றுக்குப் படுத்துக்கிடப்பதே பிறவிக் குணம். வட அமெரிக்காவின் வடபகுதியில் பாறைமுகடுகளிலும் மணல்மேடுகளிலும் வளரும் ஹாரிசான்டாலிஸ் என்ற ஜூனிபர் அப்படிப்பட்டது. காற்று ஓயாமல் அறையும் இடத்தில் தலை தூக்குபவன்தான் முதலில் அடிவாங்குவான், படுத்திருப்பவன் பிழைத்துக்கொள்வான். சைபீரியாவிலும் ஜப்பானின் உயரமான மலைகளிலும் இருக்கும் பூமிலா என்ற குள்ளப் பைன் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கடுங்குளிர் வருவதற்கு முன்பே தன் கிளைகளைத் தரையில் சாய்த்துப் பனிக்கு அடியில் படுத்துக்கொள்கிறது, வசந்தத்தில் மறுபடி எழுந்துகொள்கிறது. பனிதான் அதற்குப் போர்வை.

வேறு சில, மனிதர்கள் செய்த தந்திரம். தொட்டிகளில் வளர்க்கும் அரகேரியாவைப் பார்த்திருப்பீர்கள், அடுக்கடுக்காகக் குடை விரித்த மாதிரி இருக்குமே, அதுதான். அதன் பக்கக் கிளையை வெட்டி வேர்பிடிக்க வைத்தால் கிடைக்கும் செடி மேல்நோக்கி வளராது, பக்கவாட்டிலேயே போய்க்கொண்டிருக்கும். தான் பக்கக் கிளையாகப் பிறந்தது அதற்கு மறப்பதில்லை. ஃபிர் மரங்கள் சிலவற்றிலும் இதே கதை. பக்கக் கிளையிலிருந்து ஒட்டுக்கட்டி, தரையில் படரும் வகை என்று விற்கிறார்கள். பல வருஷம் ஒழுங்காகப் படர்ந்து கிடக்கும், திடீரென்று ஒரு நாள் நடுவிலிருந்து செங்குத்தாக ஒரு தளிர் கிளம்பும். பார்த்தவுடன் அடியோடு நறுக்கிவிட வேண்டும். ‘அழகாக இருக்கிறதே’ என்று விட்டுவைத்தால், சில ஆண்டுகளில் விரிப்பு இருந்த இடத்தில் மரம் நிற்கும்.

சரி, என் சரிவுக்கு வருகிறேன். நான் தேர்ந்தெடுத்தது ஹாரிசான்டாலிஸில் வில்டோனீ என்ற ரகம். நர்சரிகளில் ப்ளூ ரக், அதாவது நீல விரிப்பு என்று சொன்னால்தான் புரியும். 1914இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த வைனல்ஹேவன் தீவில் கண்டெடுக்கப்பட்ட செடியின் வழிவந்தது இது. உயரம் 4 முதல் 6 அங்குலம். பரப்பு 6 முதல் 8 அடி. இந்த இரண்டு எண்களும் தொட்டியில் கட்டியிருந்த அட்டையிலேயே அச்சாகியிருந்தன. படித்தேன். படித்துவிட்டுத் தொட்டியைப் பார்த்தேன். அதில் ஒரு சாண் நீளத்துக்கு நாலைந்து குச்சிகள் விளிம்பைத் தாண்டித் தொங்கிக்கொண்டிருந்தன. இதுவாவது, எட்டடியாவது! கண்ணுக்கு முன்னால் இருக்கும் ஒரு சாணை நம்பினேன், அட்டையில் இருந்த எட்டடியை நம்பவில்லை.

மூன்றடிக்கு ஒன்று வீதம் நாற்பது கன்றுகள் வாங்கினேன். முதல் வரிசையை நடைபாதையிலிருந்து ஓரடி தள்ளி வைத்தேன். அதுவே கொஞ்சம் அதிகம் என்று அப்போது பட்டது.

முதல் வருஷம் செடி எதுவுமே செய்யவில்லை. மண்ணுக்குள் வேர் ஓடிக்கொண்டிருந்திருக்கும், வெளியே பார்த்தால் வைத்தது வைத்தபடி. இரண்டாம் வருஷம் ஒவ்வொரு குச்சியும் அரையடி, முக்காலடி நீண்டது. மூன்றாம் வருஷ முடிவில் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள், எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான்காம் வருஷம் நடைபாதையில் கால்வாசியைக் காணோம். ஐந்தாம் வருஷம் நெருக்கி வைத்த செடிகள் பரவ இடமில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏற ஆரம்பித்தன. ஆறு அங்குல விரிப்பு முழங்கால் உயரத்துக்கு மேடும் பள்ளமுமாக எழுந்தது. மேலே ஏறியது பச்சையாக இருக்க, கீழே சிக்கியது பழுப்பாகக் காய்ந்தது.

வேலிச்செடி வெட்டும் கத்தரியை எடுத்துக்கொண்டு, நடைபாதைக்கு வந்த கிளைகளைக் கோடு போட்டதுபோல நேராக வெட்டித் தள்ளினேன். வெட்டி முடித்து நிமிர்ந்து பார்த்தால், பாதை நெடுக முப்பதடிக்கு ஒரு பழுப்புச் சுவர். உள்ளே வெறும் குச்சி. சரி, துளிர்த்துவிடும் என்று காத்திருந்தேன். அந்த வருஷம் துளிர்க்கவில்லை. அடுத்த வருஷமும் இல்லை.

இங்கேதான் ஊசியிலைச் செடிகளுக்கும் மற்றவற்றுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இருக்கிறது. செம்பருத்தியை மொட்டையடித்தாலும் பழைய தண்டிலிருந்து துளிர்க்கும், ஏனென்றால் அந்தத் தண்டில் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. ஜூனிபரில் இலை உதிர்ந்துபோன பழைய தண்டில் அப்படி எதுவும் இல்லை. ஓலைக் கூரை மாதிரிதான் அதன் அமைப்பு. வெளியே பச்சையாக ஒரு மெல்லிய அடுக்கு, உள்ளே வெளிச்சம் புகாமல் காய்ந்த குச்சிகள். பச்சை அடுக்கைத் தாண்டி வெட்டினால் அந்தக் காயம் ஆறாது. யூ என்ற ஊசியிலைச் செடி இதற்கு நல்ல விதிவிலக்கு, பழைய மரத்திலிருந்தும் துளிர்க்கும். ஜூனிபரிடம் அந்தத் தாராளத்தை எதிர்பார்க்கக் கூடாது.

கவாத்து செய்யவே கூடாது என்று அர்த்தமில்லை, செய்யும் விதம் வேறு. மேலே படர்ந்திருக்கும் கிளையை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, அதற்குக் கீழே நீண்டு ஓடும் கிளையைத் தேடி, அது பக்கக் கிளை விடும் இடத்தைச் சற்றுத் தாண்டி, பக்கக் கிளை மிஞ்சும்படி, சிறு கத்தரியால் வெட்ட வேண்டும். பிறகு தூக்கிய கிளையை விட்டால் அது வெட்டுவாயை மூடிக்கொள்ளும். வெட்டியது வெளியே தெரியக் கூடாது, தெரிந்தால் தப்பாக வெட்டியிருக்கிறோம். வசந்தத் தளிர் வருவதற்கு முன், ஈரம் இல்லாத நாளாகப் பார்த்துச் செய்வது நல்லது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். ஊசி குத்துவது ஒரு பக்கம், அந்தப் பிசின் பட்டு எனக்கு இரண்டு நாள் கை தடித்துப்போனது.

கடைசியில் பாதையோர வரிசை முழுவதையும் கடப்பாரை போட்டுப் பெயர்த்தெடுத்தேன். மீதியிலும் ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தேன். இத்தனை வருஷ வேர் லேசில் விடாது. சரிவில் மண்ணைப் பிடித்து வைக்கத்தானே அதை வைத்தோம், தன் வேலையை அது சரியாகத்தான் செய்திருந்தது. முதுகு பிடித்துக்கொண்டு படுத்திருந்தபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். அட்டையில் போட்ட பரப்பில் பாதியை ஓரத்திலிருந்து விட வேண்டும், எட்டடி படரும் செடியென்றால் பாதையிலிருந்து நான்கடி. செடிக்கும் செடிக்கும் ஐந்தடி, ஆறடி. அந்தக் கணக்கில் என் சரிவுக்குப் பன்னிரண்டு கன்றுகூட அதிகம். நான் வாங்கியது நாற்பது.

இடைவெளி விட்டு நட்டால் முதல் மூன்று வருஷம் தரையில் பெரும்பகுதி வெறுமையாகக் கிடக்குமே என்றால், ஆமாம், கிடக்கும். அந்த வெறும் தரையில் யார் குடியேறுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தரைமூடிச் செடி களையை அடக்கும் என்கிறார்கள். மூடிய பிறகு அடக்கும், மூடும்வரை நாம்தான் அடக்க வேண்டும். அதிலும் வேர்த்தண்டால் பரவும் புல் ஏற்கெனவே மண்ணில் இருந்தால், நடுவதற்கு முன்பே ஒரு பருவம் முழுக்கச் செலவழித்தாவது அதை ஒழித்துவிட வேண்டும். நான் மேலோடு கொத்திவிட்டு நட்டேன். புல் ஜூனிபருக்குள்ளேயே புகுந்து ஊசிகளுக்கு நடுவே தலை நீட்டியது. மேலே பிடித்து இழுத்தால் கையோடு வருவது தாள் மட்டும், வேர் செடியின் அடியில் பத்திரமாக இருக்கும். பக்கத்துக்கு ஒன்றாகக் கிளைகளை விலக்கி, குப்புறப் படுத்து, மழை விட்ட மறுநாள் ஈர மண்ணில் ஒவ்வொன்றாகப் பிடுங்கியிருக்கிறேன். மறந்துவிடுங்கள் என்று சொன்னவர்களை அப்போதெல்லாம் மறக்காமல் நினைத்துக்கொள்வேன்.

களைத்தடுப்புத் துணி விரிக்கலாம் என்று ஒரு யோசனை வரும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓரிரு வருஷத்தில் துணியின்மேல் தூசியும் சருகும் சேர்ந்து மண்ணாகி, களை அங்கேயே முளைத்து, துணியின் இழைக்குள் வேரை விட்டுக்கொள்ளும். அதைவிட முக்கியம், ஹாரிசான்டாலிஸ் போன்றவை தரையில் படும் கிளைகளிலிருந்தே வேர் விடும். துணி அதைத் தடுத்துவிடும். மரச்சில்லு மூடாக்கு இரண்டு மூன்று அங்குலம் போட்டு, தண்டைச் சுற்றிக் கொஞ்சம் விலக்கி வைத்தால் போதும்.

நடும் விஷயத்தில் சொல்ல அதிகம் இல்லை. தொட்டிக்குள் சுருண்ட வேரைக் கத்தியால் கீறிப் பிரித்துவிட வேண்டும். குழி அகலமாக இருக்கட்டும், ஆழம் வேர்க்கட்டியின் உயரத்துக்கு மேல் வேண்டாம். சரிவில் நடும்போது ஒவ்வொரு கன்றுக்கும் பிறைபோல ஒரு சின்ன மேடை வெட்டிக்கொண்டால் ஊற்றும் தண்ணீர் ஓடிவிடாது. முதல் இரண்டு கோடையில் வேர்வரை நனையத் தண்ணீர், அதன் பிறகு பெரும்பாலும் வானம் பார்த்துக்கொள்ளும். ஜூனிபர் வறட்சியில் சாவதைவிட ஈரத்தில் சாவது அதிகம். என் சரிவின் அடியில் தண்ணீர் தேங்கும் மூலையில் வைத்த மூன்றும் வேரழுகிப் போயின. வெயில் போதாவிட்டாலும் இடையிடையே கிழிந்த பாய் மாதிரி ஆகிவிடும்.

நிழலுக்கு வேறு ஆள் இருக்கிறார். வீட்டின் வடக்குப் பக்கம் பாதி நாள்தான் வெளிச்சம். அங்கே வைத்தது மைக்ரோபயோட்டா என்ற படரும் ஊசியிலைச் செடி. இந்தப் பேரினத்தில் இது ஒன்றே ஒன்றுதான். ரஷ்யாவின் தூரக் கிழக்கில், விளாதிவஸ்தோக்குக்கு அருகே மலைகளில் 1921இல் கண்டுபிடிக்கப்பட்டது. 1923இல் தாவரவியலாளர் கொமரோவ் அதை விவரித்துப் பெயரிட்டார். வெளியுலகத் தோட்டங்களுக்கு அது வந்துசேர இன்னும் சில பத்தாண்டுகள் ஆயின. இறகை அடுக்கியதுபோல நுனி லேசாகத் தொங்கும் மென்மையான கிளைகள், கை வைத்தால் குத்தாது. ஜூனிபரைக் களையெடுத்து நொந்த கைக்கு அது ஒரு வரம்.

ஆனால் அது என்னை ஒரு முறை நன்றாக ஏமாற்றியது. முதல் குளிர்காலம் தொடங்கியதும் மொத்தச் செடியும் செம்புப் பழுப்பாக மாறியது. போச்சு, செத்துவிட்டது என்று மண்வெட்டியோடு போய்விட்டேன். தரை உறைந்திருந்ததால் மண்வெட்டி இறங்கவில்லை, வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன். வசந்தத்தில் அது தானாகவே பச்சைக்குத் திரும்பியது. அதன் குளிர்கால உடையே அந்த நிறம்தானாம். என் வில்டோனீயும் குளிரில் லேசாக ஊதா பூசிக்கொள்ளும், ஹாரிசான்டாலிஸின் வேறு சில ரகங்கள் முழுக்கவே கத்தரிப்பூ நிறத்துக்குப் போகும். சந்தேகம் வந்தால் ஒரு குச்சியை நகத்தால் கீறிப் பாருங்கள். தோலுக்கு அடியில் பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

நிழலுக்கு யூவிலும் ரெபாண்டென்ஸ் என்று தாழ்வாகப் படரும் ரகம் உண்டு. கரும்பச்சையில் மிக அழகு. ஆனால் அதன் இலையும் விதையும் கடும் நஞ்சு, சின்னக் குழந்தையோ மேயும் கால்நடையோ இருக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம். கடலோர உப்புக்காற்றுக்கு ஜப்பானின் மணற்கடற்கரையில் வளரும் கன்ஃபெர்ட்டா ஜூனிபர் தாங்கும். போன்சாய் வளர்ப்பவர்கள் விரும்பும் புரோகும்பென்ஸ் நானாவும் நல்ல தரைமூடிதான், நிதானமாகப் படரும். பேரிக்காய் மரம் வைத்திருப்பவர்கள் சபைனா ஜூனிபரை யோசித்து வாங்குங்கள். பேரி இலையில் ஆரஞ்சுப் புள்ளியாக வரும் துரு நோய்ப் பூஞ்சை பாதி வாழ்க்கையை அந்த ஜூனிபரில்தான் கழிக்கிறது. குளிரே இல்லாத வெப்பச் சமவெளியில் இருப்பவர்கள் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஆசைப்படாமல் இருப்பது நல்லது.

நோய் என்று பார்த்தால், ஈர வசந்தத்தில் இளந்தளிர் நுனி கருகுவது அடிக்கடி வரும். மாலையில் மேலிருந்து தண்ணீர் தெளிப்பதை நிறுத்தி, கருகியதை உலர்ந்த நாளில் வெட்டியெடுத்தேன், அடங்கியது. பச்சை மங்கித் தூசி படிந்த மாதிரி தெரிந்தால் சிலந்திப்பேனாக இருக்கலாம். வெள்ளைத் தாளைக் கிளைக்குக் கீழே பிடித்துத் தட்டினால், மிளகுத்தூள் மாதிரி விழுந்த புள்ளிகள் நடக்க ஆரம்பிக்கும். ஓரத்துச் செடியில் மட்டும் வட்டமாக ஒரு திட்டு காய்ந்திருந்தால் பூச்சிமருந்தைத் தேடாதீர்கள், தினமும் அந்த வழியாக வரும் நாயைத் தேடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஜூனிபரில் எண்ணெயும் பிசினும் அதிகம், உள்ளே காய்ந்த ஊசி மெத்தை வேறு. காட்டுத்தீ அபாயம் உள்ள பகுதியென்றால் வீட்டுச் சுவரை ஒட்டி இதை வைக்கக் கூடாது. பார்க்கத்தான் பச்சை, பற்றிக்கொண்டால் அணைப்பது கஷ்டம்.

சென்ற வருஷம் அம்மா வந்து சில மாதம் எங்களோடு இருந்தார். வந்த மறுநாளே சரிவை ஒரு சுற்று வந்து, ஒரு கிளையின் நுனியைப் பிடித்துத் தூக்கப் பார்த்தார். அது வரவில்லை.

“டேய், இங்க வந்து பாரு. இது தானாவே பதியம் போட்டுக்கிட்டிருக்கு.”

மல்லிகைக் கொடியை வளைத்து மண்ணில் புதைத்துப் பதியம் போடுகிற கை அது, தொட்டதும் தெரிந்துவிட்டது. கிளை தரையில் பட்ட இடத்தில் வேர் இறங்கி, தனிச் செடியாகவே ஆகியிருந்தது. தாய்ச்செடிப் பக்கம் கத்தரியால் வெட்டிவிட்டு, சில வாரம் அப்படியே விட்டு, பிறகு வேர்மண்ணோடு தோண்டி எடுத்தோம். நாற்பது கன்றுக்குக் காசு கொடுத்தவன் நான், ஒன்றைச் சும்மா எடுத்தவர் அம்மா. அதை அவர் சொல்லிக்காட்டாமல் இல்லை.

வீட்டின் கிழக்குப் பக்கம், புதருக்கும் படிக்கட்டுக்கும் நடுவில் வெயில்பட்ட ஒரு வெற்றிடம் இருந்தது. தோட்டக் குழாயை எடுத்துவந்து, எட்டடி விட்டத்துக்கு ஒரு வட்டமாகத் தரையில் போட்டேன். வட்டம் படிக்கட்டைத் தொட்டது. தள்ளிப் போட்டேன். இப்போது எதையும் தொடவில்லை. மையத்தில் அந்தக் கன்றை நட்டு, மூடாக்குப் போட்டு, தண்ணீர் ஊற்றிவிட்டு எழுந்தேன். அவ்வளவு பெரிய வட்டத்துக்கு நடுவில் ஒரு சாண் குச்சி.

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். “இத்துனூண்டு குச்சிக்கு இவ்வளவு இடமாடா? சுத்தி சும்மாதானே கெடக்கு, எதையாவது விதைச்சு விடலாம்ல?”

“ரெண்டு வருஷத்துக்கு விதைக்கலாம்மா. உயரமா போறது மட்டும் வேண்டாம், இதுக்கு வெயில் மறைஞ்சிரும்.”

உள்ளே போய்ப் பூவிதைப் பொட்டலங்களில் குட்டையாக வளர்வதாகப் பார்த்து ஒன்றை எடுத்து வந்தார். இந்த முறை அட்டையில் போட்டிருந்த உயரத்தை இரண்டு பேரும் படித்தோம்.